ஏழாம் மாடி நாற்காலி

ஆகஸ்ட் 4, திங்கள்

என் பெயர் ஏகாம்பரம். இதை நானே எழுதினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேலே தேதி போட வேண்டும். கீழே அன்று நடந்ததை எழுத வேண்டும். எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ஜெசிந்தா அம்மா அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை என்றால் என்ன குழம்பு என்றாவது எழுதலாமாம். இன்று குழம்பு வைக்கவில்லை. லிஃப்ட் கெட்டுப்போய்விட்டது. பவுனை ஏழாம் மாடியிலிருந்து நடத்தியே இறக்கினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நேற்று எழுதியதை இன்று காலையில் எடுத்துப் பார்த்தேன். படிக்க வருகிறது! நான் எழுதியது எனக்கே புரிகிறது. பவுனிடம் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"எறங்குனது நான். எயுதி வச்சுக்கினது நீயா?" என்றாள்.

பவுன் என் மனைவி. அவளுக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மெஷின் அவள் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி உள்ளே விடும். போகாவிட்டால் உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆற்றோரத்தில் குடிசையில் இருந்தபோது வாசலுக்கே ஆட்டோ வரும். இடித்துவிட்டு எங்களை இங்கே ஊருக்கு வெளியே கொண்டுவந்து மாடியில் ஏற்றிவிட்டார்கள். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. காற்று வருகிறது. இறங்குவதுதான் கஷ்டம்.

இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன். விரல் வலிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோம். பவுனால் ஏற முடியவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள். காலில் விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. நான் தூக்கப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க மீன்பாடி வண்டி ஓட்டியவன் நான். எத்தனை மூட்டை, எத்தனை பீரோ ஏற்றியிருப்பேன். இன்று என்னால் பவுனைத் தூக்க முடியவில்லை.

"வுடு, வுடு. ரெண்டு பேரும் உருண்டுட்டா ஆரு பொறுக்கறது?" என்றாள்.

டில்லி வந்தான். மூன்றாம் மாடிக்காரன். பந்தல் போடுகிற கடையில் வேலை. எதுவும் கேட்காமல் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டான்.

"இன்னா ஆத்தா, பூ மாரி கீற?"

"பூவா? நாலு மாடி போயி சொல்றா அத."

நாலாம் மாடியில் மூச்சுதான் வாங்கினான்.

ஆகஸ்ட் 9, சனி

வகுப்பு மாடிப்படிக்குக் கீழே உள்ள இடத்தில் நடக்கும். நான் ஒருவன்தான் ஆண். மற்றவர்கள் எல்லாம் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். ஜெசிந்தா அம்மா பகல் முழுக்க எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லித்தருகிறார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. பெயர்ப்பலகை படிக்கத் தெரியாமல் இங்கே பெண்கள் வேறு பஸ்ஸில் ஏறி அலைவதைப் பார்த்து ஆரம்பித்தாராம்.

இன்று பாடம் நடக்கவில்லை. லிஃப்ட்டைப் பற்றியே பேச்சு. குடியிருப்பு ஆபீசில் கேட்டதற்கு மோட்டார் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். எப்போது என்று சொல்லவில்லை. எங்கள் பிளாக்கில் மட்டும் பவுன், ஐந்தாம் மாடியில் கண் தெரியாத பாஷா பாய், எட்டாம் மாடியில் நிறைமாதக்காரி ஒருத்தி என்று இறங்க முடியாமல் இருக்கிறார்கள்.

டில்லி அந்தப் பக்கமாகப் போனான். "பந்தல் கடைல இரும்புச் சேர் கீதுக்கா. ஒண்ணு எடுத்தாறேன். நாலு பேர் சேந்தா எறக்கிடலாம்" என்றான். ஜெசிந்தா அம்மா அப்போதே எழுந்து வீடு வீடாகப் போய் யார் யார் எந்த நேரம் வீட்டில் இருப்பார்கள் என்று கேட்டு வந்தார். காலையில் டில்லியும் மார்க்கெட் ஆட்கள் மூவரும். சாயங்காலம் பெண்கள் நால்வர்.

நானும் வருகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று முதல் முறை. நாற்காலிக்குச் சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள், கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி. பவுன் தலை சீவி, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் திருப்பித் தூக்குவது என்று பேச்சு வந்தது. கால் முன்னால் போகும்படி தூக்கி இறக்கக் கூடாது, அது பிணத்துக்கு என்று பேசிக்கொண்டார்கள். அதனால் முகம் மேல் படியைப் பார்க்கும்படி, முதுகு முன்னால் போக இறக்கினார்கள்.

ஆறாம் மாடித் திருப்பத்தில் கீழே பிடித்தவர்கள் முதுகுப் பக்கத்தை அதிகம் உயர்த்திவிட, நாற்காலி முன்னால் சாய்ந்தது. பவுன் முன்பக்கமாகச் சரிந்து, கை கம்பியில் அடிபட்டு, படியில் விழுந்தாள்.

பூ அங்கேயே கிடந்தது. யாரோ எடுத்து ஓரமாக வைத்தார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அடிபட்டது ஊசி குத்துகிற கை. அந்தக் கையில்தான் ஆபரேஷன் செய்து நரம்பைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். இப்போது வீங்கிக் கறுத்திருக்கிறது. அதில் குத்த முடியாது என்று கழுத்தில் குழாய் வைத்துவிட்டார்கள். பவுன் கழுத்தைத் திருப்ப முடியாமல் என்னைப் பார்க்கக் கண்ணை மட்டும் திருப்புகிறாள்.

டில்லி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. கண் சிவந்திருந்தது.

"குடிச்சிருக்கியா?" என்றேன்.

"ஆமா. தப்பா?"

"உள்ள வா."

"எப்டி நைனா வர்றது? காலு முன்னால வெச்சு சாய்ச்சிப் புடிக்கலாம்னு நான் சொன்னேன். பீரோ அப்டித்தான் எறக்குவோம்னு சொன்னேன். நீதான, என் பொண்டாட்டிய பொணம் மாரி தூக்குவியாடான்னு என் கைய தட்டிவுட்ட?"

பவுன் உள்ளேயிருந்து, "அவன இன்னாத்துக்கு வாசல்ல நிக்க வச்சி பேசிக்கினு கீற? டீ போடுயா" என்றாள்.

டீ போட்டேன். டில்லி குடித்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். டில்லி பவுனை முதுகில் தூக்கியே போய் வந்தான். வரும்போது குழாய் வைத்த இடத்தில் ரத்தம் கசிந்து அவன் சட்டையில் பட்டிருந்தது. இனி முதுகில் தூக்கக் கூடாது, குழாய் பிடுங்கிக்கொண்டால் ஆபத்து என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். நாற்காலிதான்.

"நாற்காலில நான் ஒக்காரமாட்டேன். காலு முன்னாலயும் வேணாம், பின்னாலயும் வேணாம்" என்றாள் பவுன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று நான் ஒரு வேலை செய்தேன்.

நாற்காலியைப் பழகிப் பார்க்க வேண்டும் என்று ஜெசிந்தா அம்மா எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். அரிசி மூட்டையை வைத்துப் பழகலாம் என்றார்கள். மூட்டைக்கு வலித்தால் சொல்லுமா? என்னை உட்கார வையுங்கள் என்றேன்.

"விழுந்துட்டா?" என்றார் ஜெசிந்தா அம்மா.

"விழுந்தா எங்க வலிக்குதுன்னு சொல்றேம்மா."

என்னை இறக்கினார்கள். ஏற்றினார்கள். முதுகு முன்னால் போனபோது எனக்கு முன்னே பிடிப்பே இல்லை. ஒவ்வொரு படிக்கும் உடம்பு நழுவுகிறது. பவுனுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு கால் முன்னால் போகத் திருப்பி, நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். முதுகு சாய்மானத்தில் நன்றாக அழுந்தி உட்கார்ந்துகொண்டது. சொர்க்கம். தூங்கிவிடலாம் போல இருந்தது.

"இப்படித்தான், இப்படித்தான்!" என்று கத்தினேன்.

பாஷா பாய் ஐந்தாம் மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கள்ல மவுத்தானா தலைதான்யா முன்னாடி போவும். உங்களுக்கு ஆவாதது எங்களுக்கு ஆவும். காலு முன்னாடி போனா எனக்கு பயமில்ல. என்னை ஏத்துங்க" என்றார். அவர் மருமகள் மும்தாஜ் பின்னாலேயே வந்து, "மாமு, நாளைக்குத்தான் ஆஸ்பத்திரி, இன்னிக்கி சும்மா சவாரி வேணுமா?" என்று கேட்டது. வேணும் என்றார்.

உடைந்த காரிலிருந்து எடுத்த பெல்ட்டை டில்லி நாற்காலியில் கட்டிவிட்டான். சாயங்காலம் பெண்கள் என்னைத் தூக்கினார்கள். அவர்கள் டில்லி ஆட்களைவிட மெதுவாக இறக்குகிறார்கள். ஆனால் வழியெல்லாம் பேசுகிறார்கள்.

வாழ்நாள் எல்லாம் சுமை தூக்கினேன். இன்று சுமையாக உட்கார்ந்தேன். அதுவும் ஒரு வேலைதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பவுன் வரமாட்டேன் என்றுவிட்டாள். ஆட்கள் வந்து காத்திருந்துவிட்டு வேலைக்குப் போனார்கள். நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். நர்ஸ் திட்டினார். "ஒரு தடவகூட விடக்கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?" தெரியும் என்றேன்.

வெள்ளிக்கிழமை வருவாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எட்டாம் மாடிப் பெண் இறங்கமாட்டேன் என்கிறாளாம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பிணம் போகிற மாதிரி எப்படிப் போவது என்று அவள் மாமியார் கேட்கிறார். மற்ற பிளாக்குகளிலும் இதே பேச்சு. நாற்காலி இருக்கிறது, ஆள் இருக்கிறது. உட்காரத்தான் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பவுன் போகவில்லை. முகம் உப்பியிருக்கிறது. ரசம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் டில்லியிடம், "என்னை எல்லா பிளாக்கிலும் ஏத்தி எறக்கு. காலு முன்னால. எல்லாரும் பாக்கணும்" என்றேன்.

"ஒனக்கு லூசா நைனா?"

"உசுரோட போறவன ஜனங்க பாக்கட்டும்டா."

முதலில் எங்கள் பிளாக், உச்சி மாடியிலிருந்து. வெள்ளை வேட்டி கட்டாதீர்கள் என்று ஜெசிந்தா அம்மா சொன்னார். நீல லுங்கியும் பூப்போட்ட சட்டையும் போட்டுக்கொண்டேன். நான் சும்மா உட்காரவில்லை. போகிற வழியில் சுவரில் எழுதியிருப்பதை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே போனேன். இங்கே எச்சில் துப்பாதீர். செருப்பை வெளியே விடவும். குமாரு ஐ லவ் யூ. தையல் வகுப்பு நடைபெறும். கதவு கதவாக ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு பெண், "தாத்தா பொணமா போறாரா, பொண்ணு பாக்கப் போறாரா?" என்றது. "பொண்ணு பாக்கத்தான்!" என்றேன். படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு.

ஏழாம் மாடியில் எங்கள் கதவு திறந்திருந்தது. பவுன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். என் கால் முன்னால் வருவதைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எறக்குங்கடா அவன! எனக்கு முன்னால போறதுக்கு அவசரமா கீதா ஒனக்கு?"

நாற்காலியை இறக்கினார்கள். நான் பெல்ட்டை அவிழ்த்து, நடந்து போய் அவள் எதிரில் நின்றேன். தொட்டுப் பார்த்தாள். பிறகு முதுகில் ஒரு அறை வைத்தாள். மூச்சு வாங்கியதால் பலமாக விழவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பவுன் உட்கார்ந்தாள்!

காலையில் தானே எழுந்து, "கூப்புடு ஒன் ஆளுங்கள" என்றாள். பெல்ட் போட்டு, சாய்த்து, கால் முன்னால் போக இறக்கினார்கள். டில்லி மேலே பிடித்துக்கொண்டு, "எறக்கம்... எறக்கம்... திருப்பம்... நில்லு" என்று சொல்லச் சொல்ல, கீழே பிடித்தவர்கள் அப்படியே செய்தார்கள். ஒரு ஆட்டம் இல்லை. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். எட்டாம் மாடி மாமியார் மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷின் நீரை எல்லாம் எடுத்துவிட்டது. சாயங்காலம் பெண்கள் ஏற்றினார்கள். பவுனின் முகம் பழைய முகமாக வந்துவிட்டது. மோர் சாதம் சாப்பிட்டாள்.

எனக்குப் படுக்கப் பிடிக்கவில்லை. சந்தோஷத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எட்டாம் மாடிப் பெண்ணை இறக்கினார்கள். ஆண் குழந்தை. அடுத்த பிளாக்கில் இரண்டு நாற்காலி செய்துவிட்டார்கள். அங்கே இறக்கிப் பழக டில்லி போயிருந்தான். உட்காரக் கிழவன் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். கடைசி பிளாக்கில் காலேஜ் பெண்கள் ஒரு குழு சேர்ந்திருக்கிறார்களாம். ஜெசிந்தா அம்மா வகுப்பில் எல்லோரையும் 'நாற்காலி' என்று எழுதச் சொன்னார். எல்லோரும் எழுதினோம்.

பவுனிடம் எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "நல்லது பண்ணீங்க" என்றாள். அவள் அப்படி எல்லாம் என்னைப் பாராட்டுகிறவள் இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆட்கள் வந்தார்கள். பவுன் எழுந்திருக்கவில்லை. உடம்பு முடியவில்லை, அடுத்த தடவை என்றாள். அவர்கள் போன பிறகு நான் கோபப்பட்டேன். இப்போது என்ன பயம், ஒரு தடவை போய்ப் பார்த்தாயே, கால் முன்னால் போய்த் திரும்பி வந்தாயே என்று கேட்டேன்.

"பயம்னு ஆரு சொன்னது?"

"நீதான சொன்ன?"

"இன்னாத்தயாவது சொல்லணும் இல்ல?" என்றாள். "நீ அம்மாம் பேர் எதிர்ல தொங்கிக்கினு வந்த. நான் ஒக்காரலன்னா மத்தவங்க ஒக்காருவாங்களா? அதான் ஒக்காந்தேன். போதும்யா. கைல குத்தி, கயுத்துல குத்தி... நாலு மணி நேரம் அந்த மெஷினப் பாத்துக்கினே கெடக்கணும். வந்து ரெண்டு நாளு படுத்துக் கெடக்கணும். எந்திரிச்சா மறுபடி மெஷினு. எனக்கு அலுத்துப்போச்சி."

அவளுக்கு உடம்பு முடியவில்லை. அதனால் பேசுகிறாள். செவ்வாய்க்கிழமை வருவாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஜெசிந்தா அம்மா வந்து நெடுநேரம் பவுனிடம் பேசினார். கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். வெளியே வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "உங்க முடிவு தாத்தா" என்றார்.

என் முடிவா?

பருப்பு. முருங்கைக்கீரை.

செப்டம்பர் 2, செவ்வாய்

போகவில்லை. மும்தாஜ் வந்து சொல்லிப் பார்த்தது. டில்லி அதட்டிப் பார்த்தான். நான் அழுது பார்த்தேன். "நீ அழுதா நான் போவேன்யா. உண்மையா போவேன். சொல்லு, போவவா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவினேன். அப்படியே அந்தப் பேச்சு போய்விட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

லிஃப்ட் மோட்டார் இன்னும் வரவில்லையாம். ஆபீசிலிருந்து ஒருவர் வந்து நாற்காலியைப் படம் பிடித்துக்கொண்டு போனார். நான் அதில் உட்கார்ந்து சிரித்தேன்.

பவுன் படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தே தூங்குகிறாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் டில்லியும் மற்ற மூவரும் நாற்காலியோடு வாசலில் நின்றார்கள். பவுன் முதுகுக்குத் தலையணை வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"ஆத்தா, போலாமா?"

"நான் வரலடா. பாஷா பாய்க்கு இன்னிக்கி கண்ணு ஆஸ்பத்திரின்னு மும்தாஜ் சொல்லிச்சி. அவர இட்டுக்கினு போ."

டில்லி என்னைப் பார்த்தான். "நைனா, நீயாச்சும் சொல்லேன்."

நாலு பேர் இருந்தார்கள். பெல்ட் இருந்தது. பவுனுக்குக் கையை ஓங்கவும் தெம்பு இல்லை. தூக்கி உட்கார வைத்துக் கட்டியிருக்கலாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் டில்லி செய்திருப்பான். அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தான்.

நான் எழுந்து போய், நாற்காலி இடிக்காமல் திரும்புவதற்குக் கதவை நன்றாகத் திறந்து பிடித்தேன்.

அவர்கள் இறங்கிப் போனார்கள்.

"தண்ணி குடுயா" என்றாள். டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருக்கிறார். அதற்கென்று ஒரு சின்ன டம்ளர் வைத்திருக்கிறோம். அதில் கொண்டுபோனேன். டம்ளரைப் பார்த்தாள். "சொம்புல குடு" என்றாள்.

சொம்பு நிறைய மொண்டு கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். கழுத்துக் குழாய் மேல் வழிந்ததைத் துண்டால் துடைத்தேன். கீழேயிருந்து டில்லியின் குரல் வந்தது. "எறக்கம்... எறக்கம்... திருப்பம்..."

"பாய் சத்தமே காணோம்?" என்றாள் பவுன்.

"பயந்துக்கினு கீறாரு."

"அன்னிக்கி அம்மாம் பேச்சு பேசுனாரு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். குரல் இன்னும் கீழே போனது.

"எந்த மாடி?"

"மூணாவது."

"இப்ப?"

"ரெண்டாவது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சொன்னேன். "இப்ப கீய போயிட்டாங்க. ஆட்டோல ஏத்திட்டாங்க."

"சரி" என்று சொம்பை நீட்டினாள். காலியாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

எடுத்துவரப் போனேன்.